ஸ்டெஃபான் வைன்ட்ரௌப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இசைத்தட்டுகளைக் கூடி உட்கார்ந்து கேட்கும் சின்ன நண்பர் கூட்டம் ஒன்று எங்களுடையது. 1920களின் பெர்லின் நடன இசை ஓடினால் போதும், வைன்ட்ரௌப் என்ற பெயர் என் வாயில் வந்துவிடும். உடனே கேள்விகள் தொடங்கும். ஆள் மாறினாலும் கேள்வி மாறாது. ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

யார் இந்த வைன்ட்ரௌப்? கேள்விப்பட்டதே இல்லையே?

ஸ்டெஃபான் வைன்ட்ரௌப் 1897இல் ப்ரெஸ்லௌ நகரத்தில் பிறந்தவர். அப்போது அது ஜெர்மனியில் இருந்தது. இப்போது போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. யூதக் குடும்பம். 1924இல் பெர்லினில் ஹோர்ஸ்ட் க்ராஃப் என்ற சாக்ஸபோன்காரரோடு சேர்ந்து ஒரு சிறிய நடன இசைக்குழுவை ஆரம்பித்தார். சில வருடங்களில் அதுதான் 'வைன்ட்ரௌப்ஸ் சிங்கோபேட்டர்ஸ்' என்று நகரம் முழுக்கப் பேசப்பட்ட பேண்ட் ஆனது. 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பல நாடுகளில் அலைந்து, 1937இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். வைன்ட்ரௌப் 1981இல் சிட்னியில் இறந்தார்.

கேள்விப்பட்டதில்லை என்று வெட்கப்பட வேண்டாம். பழைய ஜாஸில் ஊறிய பலருக்கும் இந்தப் பெயரைச் சொன்னால் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். ஏன் அப்படி என்பது கடைசிக்குப் பக்கத்தில் வருகிறது.

பெயரை எப்படிச் சொல்வது? சிங்கோபேட்டர்ஸ் என்றால் என்ன?

'வைன்-ட்ரௌப்' என்று பிரித்துச் சொன்னால் போதும். ஜெர்மன் மொழியில் திராட்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த குடும்பப் பெயர் அது.

சிங்கோபேஷன் என்பது தாளத்தில் பலமாக விழ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பலவீனமான இடத்தில் அழுத்தம் கொடுப்பது. நீங்கள் கை தட்டக் காத்திருக்கும் நொடிக்குச் சற்று முன்போ பின்போ இசை குதித்துவிடும். கால் தானாக ஆடுவது அதனால்தான். அந்தக் காலத்தில் பேண்டுக்கு ஆங்கிலப் பெயர் வைப்பதும் ஒரு மோஸ்தர். ஜெர்மன் குடும்பப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு சொல்லைச் சேர்த்தால், 'நாங்கள் வால்ட்ஸ் வாசிக்கிறவர்கள் இல்லை, புதுசு வாசிக்கிறவர்கள்' என்று வாசலிலேயே பலகை மாட்டியது போல.

ஜாஸ் அமெரிக்கா சங்கதி ஆயிற்றே, பெர்லினுக்கு எப்படி வந்தது?

கோணல்மாணலாக வந்தது. முதல் உலகப்போர் நடந்தபோது ஜெர்மனியில் பொது இடங்களில் நடனத்துக்குத் தடை. 1918ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு அந்தத் தடை விலகியதும் ஜனங்கள் பைத்தியம் பிடித்தது போல ஆடினார்கள். ஆனால் ஆடுவதற்குப் புது இசை வேண்டுமே? தோற்ற நாட்டுக்கு, அதுவும் 1923இல் பணவீக்கம் உச்சத்துக்குப் போய் ரொட்டிக்குக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுத்த நாட்டுக்கு, அமெரிக்க இசைத்தட்டுகளும் கலைஞர்களும் எளிதில் வந்து சேரவில்லை. அச்சான இசைத் தாள்களையும் காதில் விழுந்த பேச்சையும் வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரர்கள் குத்துமதிப்பாக வாசித்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று. அந்த ஆரம்ப வருடங்களில் ஜெர்மனியில் 'ஜாஸ்பேண்ட்' என்ற சொல்லுக்கு இசைக்குழு என்பதோடு ட்ரம்ஸ் செட் என்ற பொருளும் இருந்தது. பெரிய முரசு, சிம்பல், மணி, ஹாரன் எல்லாம் ஒருவர் முன்னால் அடுக்கி வைத்திருந்தால் அதுவே ஜாஸ். சத்தம் அதிகம் இருந்தால் சரியான ஜாஸ்!

நிலைமை 1925க்குப் பிறகுதான் மாறியது. அந்த வருடம் மே மாதம் சாம் வூடிங் என்ற கறுப்பின அமெரிக்கக் கலைஞரின் பேண்ட் ஒரு மேடைக் காட்சியோடு பெர்லின் அட்மிரால்ஸ்பாலாஸ்ட் அரங்குக்கு வந்தது. அடுத்த வருடம் அமெரிக்க பேண்ட் தலைவர் பால் வைட்மன் தன் பெரிய ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிக்கொண்டு வந்தார். உண்மையில் இது எப்படி வாசிக்கப்படுகிறது என்று பெர்லின்காரர்கள் நேரில் பார்த்தார்கள். 1928இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஹோக் இசைக் கல்லூரி ஜாஸுக்கென்று தனி வகுப்பே தொடங்கிவிட்டது. வைன்ட்ரௌப் பேண்ட் வளர்ந்தது சரியாக இந்த இடைவெளியில்தான்.

அப்போது பெர்லினில் எல்லாரும் வாசித்தது ஜாஸ்தானா?

இல்லை. பெரும்பாலும் நடன இசை. அதன் மேல் ஜாஸ் கொஞ்சம் தூவப்பட்டிருக்கும். ஃபாக்ஸ்ட்ராட், டாங்கோ, வால்ட்ஸ் என்ற மூன்று நடன வகைகளும் தெரிந்திருந்தால்தான் ஹோட்டலில் வேலை. குழுத் தலைவர் பெரும்பாலும் வயலின்காரர். நின்றுகொண்டே வாசித்து வில்லாலேயே குழுவை நடத்துவார். ஹங்கேரிப் பெயர் இருந்தால் இன்னும் மவுசு. டாயோஸ் பேலா என்று புகழ்பெற்றவர் கியெவ் நகரத்தில் பிறந்த லியோன் கோல்ட்ஸ்மன். மேடைக்காக ஹங்கேரிக்காரர் ஆனார். மாரெக் வெபர் இன்னொரு பெரிய ஹோட்டல் பேண்ட் தலைவர். அவருக்கு ஜாஸ் பிடிக்காது. ஜாஸ் உருப்படி வந்தால் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார் என்று சொல்வார்கள். ஆனால் அவர் பெயரில் வந்த தட்டுகளில் அருமையான ஜாஸ் வாசிப்பு இருக்கிறது. தலைவர் கண் மறைந்ததும் பையன்கள் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள்.

ஆடும் இடங்களுக்கும் குறைவில்லை. போட்ஸ்டாமர் சதுக்கத்தில் ஹவுஸ் ஃபாட்டர்லாண்ட், மேசைக்கு மேசை தொலைபேசி வைத்திருந்த ரெஸி, மோக்கா எஃப்டி என்று ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். 'பாபிலோன் பெர்லின்' தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு மோக்கா எஃப்டி நிஜமாகவே இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தது. தொடரில் வருவது போலத்தான் இருந்தது என்று மட்டும் நம்ப வேண்டாம்.

தலைவர் என்கிறீர்கள், ஆனால் படங்களில் பின்னால் ட்ரம்ஸில் உட்கார்ந்திருக்கிறாரே?

ஆரம்பத்தில் அவர் பியானோக்காரர். 1927 வாக்கில் ஃப்ரீட்ரிஷ் ஹொலெண்டர் என்ற இசையமைப்பாளர் தன் ரெவ்யூக்களுக்கு இந்த பேண்டை எடுத்துக்கொண்டு, தானே பியானோவில் உட்கார்ந்தார். ரெவ்யூ என்றால் பாட்டு, நடனம், அரசியல் கிண்டல், குட்டி நாடகம் எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சி. ஹொலெண்டர் அந்த வகையில் பெர்லினின் மகா கெட்டிக்காரர். தன்னைவிட நன்றாக வாசிப்பவர் வந்ததும் வைன்ட்ரௌப் பியானோவை விட்டுக்கொடுத்து ட்ரம்ஸுக்கு நகர்ந்துவிட்டார்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். என் பார்வையில் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. முந்தைய பதிலில் சொன்ன வயலின் தலைவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் யாராவது தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுப்பார்களா? ஹொலெண்டர் போன பிறகு அந்தப் பியானோவில் ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் என்ற இசையமைப்பாளர் வந்து உட்கார்ந்தார். வைன்ட்ரௌப் பின்னாலேயே இருந்தார். பெயர் மட்டும் முன்னால் இருந்தது.

மேடையில் கோமாளித்தனம் எல்லாம் செய்வார்களாமே?

செய்வார்கள். அதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வாத்தியமாவது தெரியும். ஒரு பாட்டு முடிவதற்குள் சாக்ஸபோன் க்ளாரினெட் ஆகும், ட்ரம்பெட்காரர் ட்யூபாவைத் தூக்குவார். வேஷம், தொப்பி, கிண்டல் எல்லாம் உண்டு. கம்பீரமான இசையைக் கேலி செய்துவிட்டு அடுத்த நிமிடமே அதே கைகள் சுத்தமான ஹாட் ஜாஸ், அதாவது துடிப்பான ஜாஸ், வாசிக்கும்.

நடனக்கூடத்தில் சுவர் ஓரமாக உட்கார்ந்து வாசிக்கும் பேண்ட் வேறு, ஜனங்கள் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும் பேண்ட் வேறு. வைன்ட்ரௌப் குழு இரண்டாவது வகைக்கு மாறியதால்தான் தியேட்டர், ரெவ்யூ, சினிமா என்று கதவுகள் திறந்தன. பிற்காலத்தில் மொழி தெரியாத நாடுகளில் பிழைக்கவும் இதுவே கை கொடுத்தது. கண்ணால் சிரிக்க வைப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் பாருங்கள்.

'ப்ளூ ஏஞ்சல்' படத்தில் வாசிப்பவர்கள் இவர்கள்தானா?

இவர்கள்தான். ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கி 1930 ஏப்ரல் 1ஆம் தேதி பெர்லினில் வெளியான படம்; நடிகை மார்லின் டீட்ரிச்சை உலகத்துக்குக் காட்டிய படம். பாட்டுகள் ஹொலெண்டருடையவை. வாத்திய அமைப்பில் வாக்ஸ்மன் கை வைத்தார். படத்தின் பெயர்ப் பட்டியலில் வைன்ட்ரௌப்ஸ் சிங்கோபேட்டர்ஸ் என்று வருவதை நிறுத்திப் பார்க்கலாம். ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் தனித்தனியாக எடுத்தார்கள். என்னைக் கேட்டால் ஜெர்மன் பதிப்பைப் பாருங்கள். நடிகர்கள் அதில்தான் இயல்பாகப் பேசுகிறார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: நீங்கள் பார்க்கப் போவது டீட்ரிச்சைத்தான். இத்தனை சொன்ன பிறகும் பேண்டை மட்டும் பார்க்க முடிந்தவர் யாரும் எங்கள் கூட்டத்தில் இல்லை. படத்தில் மந்திரவாதியாக, கதையில் வரும் மேடைக் குழுவின் முதலாளியாக வரும் குண்டு மனிதரையும் கவனித்து வையுங்கள். பெயர் குர்ட் கெரோன். பின்னால் இவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹிட்லர் வந்ததும் தடை போட்டுத் துரத்திவிட்டார்களா?

போலீஸ் வந்து வாத்தியங்களைப் பிடுங்கித் தெருவில் தள்ளியதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். நடந்தது அதைவிட அமைதியானது, அதனாலேயே தப்பிக்க முடியாதது. 1933 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் கலைத்துறை முழுவதையும் அரசு மன்றங்களின் கீழ் கொண்டுவரும் சட்டம் வந்தது. இசைக்கும் ஒரு மன்றம். உறுப்பினர் அட்டை இல்லையென்றால் தொழில் செய்ய முடியாது. யூதர்களுக்கு அட்டை கிடைக்காது. அவ்வளவுதான். ஒரு அட்டையை மறுப்பதன் மூலம் ஒரு மனிதரின் பிழைப்பை முடித்துவிடலாம்.

வைன்ட்ரௌப் குழுவில் பெரும்பாலோர் யூதர்கள். 1933இலேயே அவர்கள் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள். வெளிநாட்டு நிகழ்ச்சிகள் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால் பெட்டியைக் கட்டுவது புதிதல்ல. இந்த முறை திரும்பி வரவில்லை என்பதுதான் வித்தியாசம். டாயோஸ் பேலாவும் கிளம்பினார். அர்ஜென்டினாவில் போய் முடிந்தார். மாரெக் வெபர் அமெரிக்காவில் இறந்தார். ஒரு நகரத்தின் நடன இசை மேடை ஒன்றிரண்டு வருடத்தில் காலியானது.

நாஜிகள் ஜாஸை முழுசாகத் தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேனே?

முழுசாக இல்லை, சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. 1935 அக்டோபரில் வானொலித் தலைவர் ஜாஸுக்குத் தடை என்று, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லோடு சேர்த்து அறிவித்தார். 1938 மே மாதம் ட்யூசல்டார்ஃபில் 'சீரழிந்த இசை' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதன் விளம்பரத்தில் ஒரு கறுப்பின சாக்ஸபோன்காரரின் கோட்டில் யூத நட்சத்திரம் குத்தியிருக்கும். யாரை வெறுக்கிறோம் என்பதை ஒரே படத்தில் அடக்கிவிட்டார்கள்.

ஆனால் 1936 ஒலிம்பிக் சமயத்தில், உலகமே வந்து பார்க்கும்போது, டெடி ஸ்டாஃபர் என்ற சுவிஸ்காரர் பெர்லின் டெல்ஃபி நடனக்கூடத்தில் ஸ்விங் என்ற ஜாஸ் வகையை அமர்க்களமாக வாசித்துக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் நாஜிகளே ஆங்கிலப் பாட்டுகளுக்குப் பிரச்சார வரிகள் எழுதி, சார்லி என்ற பெயரில் ஒரு ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவை வைத்து எதிரி நாடுகளுக்கு ஒலிபரப்பினார்கள். அதாவது, இசையை வைத்துக்கொண்டார்கள். வாசித்த மனிதர்களைத்தான் வெளியேற்றினார்கள்.

ரஷ்யா, ஜப்பான் என்று ஏன் இப்படிச் சுற்றினார்கள்?

வேலை எங்கே கிடைத்ததோ அங்கே போனார்கள். ஒரு வயலின்காரர் தனியாக ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பேண்ட் அப்படி முடியாது; எல்லாருக்கும் விசா, எல்லாருக்கும் வேலை அனுமதி, எல்லாருக்கும் சோறு. ஒப்பந்தம் முடிந்தால் அந்த நாட்டில் தங்கும் உரிமையும் முடிந்துவிடும். ஆகவே ஐரோப்பிய நாடுகளில் வாசித்தார்கள், 1935இல் சோவியத் யூனியனுக்குப் போனார்கள், அங்கிருந்து ஜப்பான் பக்கம், 1937இல் ஆஸ்திரேலியா.

சோவியத் பயணத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். அந்தச் சாதாரண நிகழ்ச்சி ஒப்பந்தம்தான் பிறகு விஷமாக மாறியது.

ஆஸ்திரேலியாவிலாவது நிம்மதி கிடைத்ததா?

ரசிகர்களிடமிருந்து கிடைத்தது. சக இசைக்கலைஞர்களிடமிருந்து கிடைக்கவில்லை. தியேட்டர்களில் வாசித்தார்கள், அப்புறம் சிட்னியில் ப்ரின்ஸஸ் என்ற நாகரிகமான உணவகத்தில் இடம் பிடித்தார்கள். ஆனால் அங்கிருந்த இசைக்கலைஞர் சங்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. இவர்கள் வந்தது பொருளாதார மந்தத்தின் சூடு ஆறாத காலம். பேசும் படம் வந்ததும், ஊமைப் படங்களுக்குத் திரையரங்கில் உட்கார்ந்து வாசித்த எத்தனையோ பேருக்கு வேலை போயிருந்தது. உள்ளூர்க்காரனுக்கே வேலை இல்லை, உனக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம்.

அது புதிதும் அல்ல. 1928இலேயே சன்னி க்ளே என்ற கறுப்பின அமெரிக்கரின் பேண்ட், போலீஸ் சோதனை, பத்திரிகைக் கூச்சல் எல்லாம் நடந்து ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பப்பட்டது. வேலைப் பயமும் நிற வெறுப்பும் எங்கே முடிகிறது, எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்தக் கதையில் பிரிக்கவே முடியாது. சங்கத்தின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வயிறு யாருக்கும் வயிறுதான். ஆனால் திரும்பிப் போக நாடு இல்லாதவனையும் சுற்றுலா வந்தவனையும் ஒரே தராசில் வைத்தது தப்பு.

யூத அகதிகளைப் போய் ஜெர்மன் உளவாளிகள் என்று அடைத்தார்களா? நம்ப முடியவில்லையே.

அடைத்தார்கள். பேண்டில் எல்லாரும் இல்லை. வைன்ட்ரௌப் உட்படச் சிலர். அது 1940 ஜூன், ஐரோப்பாவில் பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த மாதம். ஜெர்மன் குடியுரிமை இருந்தால் சட்டப்படி எதிரி நாட்டவர். அவர் அங்கிருந்து ஏன் ஓடிவந்தார் என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. பேண்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கவில்லை. ஆகவே வருடக்கணக்காக ஒரே மேடையில் நின்றவர்களில் ஒருவர் முகாமுக்கும் ஒருவர் வீட்டுக்கும் போகலாம் என்ற நிலை.

இவர்கள் விஷயத்தில் கூடுதலாக ஒரு புகாரும் இருந்தது. சோவியத் யூனியனில் இருந்தபோது இந்த பேண்ட் ஜெர்மனிக்கு உளவு பார்த்தது என்று ஒருவர் அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: யூதர் என்று ஜெர்மனியில் பிழைப்பு போயிற்று, ஜெர்மன் என்று ஆஸ்திரேலியாவில் சுதந்திரம் போயிற்று. இடையில் இருந்தது ஏழு வருடம்தான்.

இது இவர்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அதே 1940இல் பிரிட்டன் தன்னிடம் அடைக்கலம் வந்திருந்த யூத அகதிகள் பலரையும் 'டுனேரா' என்ற கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலிய முகாம்களுக்கு அனுப்பியது.

சரி, உளவு பார்த்தது உண்மையா பொய்யா? நெருப்பில்லாமல் புகையுமா?

புகையும். போர்க்காலத்தில் நெருப்பே இல்லாமல் நன்றாகப் புகையும். அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. நாஜி அரசுக்கு வேலை பார்க்க யூத ஜாஸ்காரர்களுக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று கேட்டாலே பாதி காற்று இறங்கிவிடும்.

ஆனால் நான் கவனித்த ஒன்று இருக்கிறது. நாடு நாடாகப் போவது, பல மொழி பேசுவது, ஹோட்டல்களில் தங்குவது, எல்லா வகை மனிதர்களோடும் பழகுவது. ஒரு நடன பேண்டின் வாழ்க்கையை அப்படியே எழுதினால், சந்தேகக் கண்ணோடு படிப்பவருக்கு அது உளவாளியின் வாழ்க்கையாகத்தான் தெரியும். இந்த மனிதர்கள் ஏன் சுற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் வேறு கதை. அதனால்தான் ரஷ்யா, ஜப்பான் பற்றிய கேள்விக்கு அத்தனை வரி எழுதினேன்.

பேண்டில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தால் அன்று வேறு தட்டு ஓடாது. ஹொலெண்டரும் வாக்ஸ்மனும் ஹாலிவுட் போனார்கள். வாக்ஸ்மனை 1934இல் பெர்லின் தெருவில் நாஜி ரவுடிகள் அடித்துப் போட்டார்கள். பாரிஸ் வழியாக அமெரிக்கா சென்றார். 1935இல் 'ப்ரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்கு இசையமைத்தார். 'சன்செட் புலவார்ட்', 'எ ப்ளேஸ் இன் தி சன்' என்று அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு ஆஸ்கார். வைன்ட்ரௌப் விட்டுக்கொடுத்த அதே பியானோ நாற்காலியில் உட்கார்ந்தவர் என்பதை மறக்க வேண்டாம்.

ஆடி ரோஸ்னர் ட்ரம்பெட்காரர், 1910இல் பெர்லினில் பிறந்தவர். இந்த பேண்டை விட்டபின் போலந்தில் தனிக் குழு நடத்தினார். 1939இல் ஜெர்மன் படை வந்ததும் கிழக்கே சோவியத் பகுதிக்கு ஓடினார். அங்கே பெலாருஸ் குடியரசின் அரசு ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைவராகிவிட்டார். காலியான அரங்கில், ஸ்டாலினுக்காக மட்டும் வாசித்தார் என்றொரு கதை அவரைச் சுற்றி உண்டு. 1946இல் நாட்டை விட்டுப் போக முயன்றபோது கைது. சோவியத் தூரக் கிழக்கில் கோலிமா கட்டாய உழைப்பு முகாம்கள், அங்கேயும் கைதிகளை வைத்து ஒரு பேண்ட். 1954இல் விடுதலை. மறுபடி மாஸ்கோவில் ஆர்கெஸ்ட்ரா, மறுபடி புகழ். 1973இல்தான் மேற்கு பெர்லினுக்குத் திரும்ப முடிந்தது. மூன்று வருடத்தில் அங்கேயே இறந்தார். ஒரு மனிதருக்கு இத்தனை வாழ்க்கை கொஞ்சம் அதிகம்தான்.

மார்ட்டின் ரோமானும் இந்த பேண்டில் பியானோ வாசித்தவர். ஹாலந்துக்குத் தப்பினார், அங்கே பிடிபட்டு நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே 'கெட்டோ ஸ்விங்கர்ஸ்' என்ற கைதிகள் ஜாஸ் குழுவை நடத்தினார். 1944இல் 'பாருங்கள், யூதர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று காட்ட நாஜிகள் அந்த முகாமில் ஒரு படம் எடுக்க வைத்தார்கள். அதில் இந்தக் குழு வாசிக்கிறது. படத்தை இயக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர் குர்ட் கெரோன், முன்பு கவனிக்கச் சொன்னேனே, அதே மந்திரவாதி. படப்பிடிப்பு முடிந்ததும் அவர்களை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். கெரோன் அங்கே கொல்லப்பட்டார். ரோமான் பிழைத்தார்.

மற்றவர்களுக்கு இவ்வளவு கதை இருக்கிறதே, தலைவர் என்ன செய்தார்?

முகாமிலிருந்து வெளியே வந்தார். அதற்குள் பேண்ட் பேண்டாக இல்லை. சிலர் முகாமில், சிலர் வேறு வேலையில், ப்ரின்ஸஸில் அவர்கள் இடமும் போய்விட்டது. வைன்ட்ரௌப் மெக்கானிக் வேலைக்குப் போனார். ஆஸ்திரேலியக் குடிமகனானார். சிட்னியிலேயே வயதாகி இறந்தார். இந்தப் பதில் முந்தையதைவிடச் சின்னதாக இருப்பதற்கு நான் பொறுப்பில்லை.

அப்படியென்றால் மறக்கப்பட்டதற்கு நாஜிகள்தான் காரணமா?

முழுப் பழியையும் அவர்கள் மேல் போட்டால் கணக்கு சுலபமாக முடிந்துவிடும். ஆனால் நாஜிகளால் துரத்தப்பட்ட வாக்ஸ்மனை உலகம் மறக்கவில்லையே? இசையமைப்பாளருக்குக் கையில் எடுத்துப்போக ஏதோ இருக்கிறது. எழுதிய தாள் எங்கே போனாலும் வாசிக்கப்படும். ட்ரம்பெட்காரர் தன் உதட்டையும் ட்ரம்பெட்டையும் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஒரு பேண்ட் தலைவர் எதை எடுத்துப் போவார்? சரியான ஆட்களைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் இடம் கொடுக்க வைத்து, வருடக்கணக்கில் கலையாமல் வைத்திருந்தது அவருடைய திறமை. ஆட்கள் சிதறினால் அந்தத் திறமையைக் காட்ட எதுவும் மிஞ்சாது.

அதனால் பெர்லினில் பாதி மறைந்தார், சிட்னியில் மீதி மறைந்தார் என்பேன். இரண்டாவது பாதிக்குத் துப்பாக்கி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சங்கத்தின் விதி, ஒரு புகார், ஒரு போர்க்கால உத்தரவு போதுமாயிருந்தது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய அரசுக் கோப்புகளைப் புரட்டி இந்தக் கதையை மீட்டார்கள். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓர் ஆவணப்படமும் வந்தது. ஆகவே 'அடியோடு மறக்கப்பட்டவர்' என்று இனி சொல்வதும் சரியில்லை.

எதைக் கேட்டு ஆரம்பிக்கலாம்? பழைய தட்டு, இரைச்சல்தானே அதிகம் இருக்கும்?

1928 தொடங்கி 1930களின் ஆரம்பம் வரை வந்த பெர்லின் பதிவுகளிலிருந்து ஆரம்பியுங்கள். பலவும் டிஜிட்டலாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான், பொறுமைக்கு அவசியமே இல்லை. இரைச்சல் முதல் பத்து விநாடிக்குத் தெரியும், அப்புறம் காது பழகிவிடும். ஜெர்மன் பாடல் வரிகள் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். பாடகர் ஓய்ந்ததும் குழு அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடும் இடம் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

அதில் வைன்ட்ரௌப் வாசிப்பதைத் தனியாகக் கேட்க முடியுமா?

முயற்சி செய்யலாம். மைக் இல்லாமல் பெரிய குழாய் வழியாகவே சத்தத்தைப் பிடித்த பழைய குழாய் முறைப் பதிவில் பெரிய முரசை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று ட்ரம்ஸ்காரரைத் தள்ளி உட்கார வைப்பார்கள், பாதி வாத்தியத்தைத் தொடவே விடமாட்டார்கள். 1920களின் நடுவில் மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்யத் தொடங்கியபின் நிலைமை தேறியது. இந்த பேண்டின் தட்டுகள் மின்முறைக் காலத்தவை, அது நம் அதிர்ஷ்டம்.

ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும்தான் காதை நிறைக்கும். இரண்டாவது முறை பியானோவைப் பிடிக்கலாம். மூன்றாவது முறை இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி எடுப்பதற்கு முன் சிம்பலை அடித்து உடனே கையால் பிடித்து நிறுத்துகிற சத்தம், 'ச்சக்' என்று ஒரு நொடி, கேட்கும். அவர்தான்.